மெட்டல் டிடெக்டரை மண்ணுக்குப் பழக்கிய அனுபவம்

புது மெட்டல் டிடெக்டர் வாங்கியதும் எல்லாரும் செய்வது, காற்றில் நாணயத்தை ஆட்டி எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்று பார்ப்பது. அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அதே நாணயம் மண்ணுக்குள் போனதும் என் கருவி பாதி ஆழத்திலேயே தடுமாறியது.

காரணம் தேடி, காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு உலர்ந்த மண்ணில் இழுத்துப் பார்த்தேன். பை முழுக்கக் கருந்துகள் மீசைபோல ஒட்டிக்கொண்டு நின்றது. அது மேக்னடைட், இரும்புத் தாது. கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டான காயில் (coil) அனுப்பும் அலைக்கு அந்தத் துகள்களும் பதில் சொல்வதால், நாணயத்தின் மெல்லிய பதில் அதில் அமுங்கிவிடுகிறது.

இதைச் சரிசெய்வதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலைத் தரையை ஒட்டி இறக்கி, ஒரு சாண் உயரம் தூக்கி, திரும்ப இறக்க வேண்டும். இறக்கும்போதும் தூக்கும்போதும் ஒலி மாறாமல் நிற்கும் வரை கருவியில் கிரவுண்ட் பேலன்ஸ் எண்ணை மாற்றினேன். தானாகச் சரிசெய்துகொள்ளும் டிராக்கிங் வசதியும் உண்டு. ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வீசும்போது மங்கலான நாணய ஒலியையும் அது மண் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் கையால் வைத்துப் பூட்டுவதே எனக்குப் பிடித்தது.

அடுத்தது சென்சிட்டிவிட்டி, அதாவது எவ்வளவு மெல்லிய பதில் வரை கருவி கவனிக்க வேண்டும் என்ற அளவு. கூட்டினால் ஆழம் கூடும் என்றுதான் தோன்றும். இந்த மண்ணில் நடந்ததோ நேர்மாறு. கூட்டக் கூட்ட மண்ணின் இரைச்சல்தான் பெருகியது. சலசலப்பு அடங்கும் வரை குறைத்த பிறகு, முன்பு கேட்காத நாணயம் தெளிவாகக் கேட்டது. பாக்கெட்டில் இருந்த செல்போனை அணைத்ததும் மிச்ச இரைச்சலும் போனது!

சோதனைக்கு நாணயம் புதைப்பவர்களுக்கு ஒன்று: குழியில் போட்டு மூடினால் இளகிய மண்ணைத்தான் சோதிக்கிறோம். பக்கத்தில் குழி வெட்டி, அதன் சுவரில் கிடைமட்டமாகக் கீறி, கலையாத மண்ணுக்கு அடியில் நாணயத்தைச் செருகுங்கள். பக்கத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்றையும் வையுங்கள். ஆணி போன்ற வேண்டாத உலோகங்களின் ஒலியை அடக்கும் டிஸ்கிரிமினேஷனை ஏற்றியபோது ஆணியோடு சேர்ந்து நாணயமும் மௌனமானது. குறைத்து வைத்து, இரண்டின் ஒலியையும் காதால் பிரித்தறியப் பழகினேன். ஆணி கரகரக்கும், நாணயம் எந்தப் பக்கமிருந்து வீசினாலும் ஒரே சுரத்தில் ஒலிக்கும்.

மழை பெய்து மண் நனைந்தால் கிரவுண்ட் பேலன்ஸை மறுபடி பார்த்துவிடுங்கள். எண் மாறியிருக்கலாம்.