உந்த லிஸ்டில ஆரும் இருக்கினமோ?

2025 ஒக்டோபர் 13

திருநெல்வேலிச் சந்தியில் கம்பஸ் தம்பி ஒருவர் மறித்துக் கேட்டார்: "அக்கா, உந்த லிஸ்டில மனிசர் ஆரும் இருக்கினமோ?"

நான் பங்களிப்பது அப்பாச்சி (Apache) என்ற திறந்த மூல மென்பொருள் அமைப்பின் ஒரு திட்டத்துக்கு. அதை உருவாக்குகிறவர்கள் பேசிக்கொள்ளும் மின்னஞ்சல் குழுவான டெவ் லிஸ்டில் தம்பி போன கிழமைதான் சேர்ந்தவர். போனை வாங்கிப் பார்த்தேன். யாரோ புல் ரிக்வெஸ்ட் (நிரலில் செய்த மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறந்திருக்கிறார், இன்னொருவர் அதில் கருத்திட்டிருக்கிறார், டிப்பென்டபொட் என்ற தானியங்கி நிரல் (பொட்) ஏதோ ஒரு லைப்ரரியின் பதிப்பை ஏற்றச் சொல்கிறது, பில்ட் (நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் ஓட்டம்) உடைந்திருக்கிறது, பிறகு சரியாகியிருக்கிறது. எல்லாம் இயந்திரம் போட்ட மெயில். நடுவில் புதிய வெளியீட்டுக்கான வாக்கெடுப்பு மெயில் ஒன்று. வாக்கெடுப்பை வழக்கமாகக் குறைந்தது 72 மணித்தியாலம் திறந்து வைப்பார்கள். கணக்கில் சேர்வது திட்டக் குழுவினரின் வாக்குத்தான், ஆனால் யாரும் இறக்கிச் சோதித்துக் கருத்துச் சொல்லலாம். தம்பிக்கு அதில்தான் ஆசை. அவர் கண்ணில் படும்போது வாக்கெடுப்பே முடிந்துவிட்டது.

2025 ஒக்டோபர் 14

பொட் மெயிலைத் தானாகப் பிரித்து ஒதுக்க வடிகட்டி போட்டுக் கொடுக்க உட்கார்ந்தோம். ஜிமெயில் செயலியில் வடிகட்டி உருவாக்க முடியாது, கணினியில் உலாவியைத் திறக்க வேண்டும். தம்பியிடம் இருப்பது போன் மட்டும். சரி, என்னுடைய மடிக்கணினி.

லிஸ்டில் வரும் ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் 'லிஸ்ட்-ஐடி' என்று ஒரு வரி இருக்கும். 2001இல் வந்த ஆர்எஃப்சி 2919 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்லும் ஏற்பாடு அது. அதை வைத்து லிஸ்ட் மெயில் எல்லாவற்றையும் ஒரு லேபலுக்குள் தள்ளலாம். ஆனால் எங்கள் லிஸ்டில் மனிதர் எழுதுவதற்கும் பொட் எழுதுவதற்கும் அதே ஐடிதான். அனுப்புநர் முகவரியைப் பார்த்துப் பிரித்துவிட்டோம். சீவ் (Sieve) என்ற வடிகட்டி மொழி தெரிந்த மெயில் சேவையகம் என்றால் தலைப்பகுதியின் எந்த வரியை வைத்தும் பிரிக்கலாம், ஜிமெயிலில் அந்த வசதி இல்லை.

தம்பிக்கு இப்போது நிம்மதி. எனக்கில்லை. சேர்ந்து, திகைத்து, விலகிப்போன மற்றவர்களுக்கு யார் வடிகட்டி போட்டுக் கொடுத்தது? நாமே குப்பையை அனுப்பிவிட்டு, பிரித்துப் படியுங்கள் என்று வந்தவரிடம் சொல்வது மரியாதையாக இல்லை.

2025 ஒக்டோபர் 16

டெவ் லிஸ்டுக்கு எழுதினேன். அப்பாச்சித் திட்டங்களின் நிரல் களஞ்சியத்தில் 'ஏஎஸ்எஃப் யாமல்' (.asf.yaml) என்ற அமைப்புக் கோப்பு உண்டு. எந்த அறிவிப்பு எந்த லிஸ்டுக்குப் போக வேண்டும் என்று அதில் சொல்லலாம். கமிட் (பதிந்த மாற்றம்), இஷ்யூ (பிழை, வேண்டுகோள் பற்றிய பதிவு), புல் ரிக்வெஸ்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. டிப்பென்டபொட்டுக்குக்கூடத் தனி வரி இருக்கிறது, பாருங்கள். அறிவிப்புகளுக்கென்று ஒரு லிஸ்ட் திறந்து எல்லாவற்றையும் அங்கே மாற்றுவோம் என்பது என் யோசனை.

மூத்த பங்களிப்பாளர் ஒருவர் மறுத்தார். லிஸ்டில் நடக்காதது நடக்கவே இல்லை என்பது அப்பாச்சியில் எல்லாரும் சொல்லும் பேச்சு. வடிவமைப்பு விவாதம் பாதி இப்போது புல் ரிக்வெஸ்டில்தான் நடக்கிறது, அதை யாரும் பார்க்காத லிஸ்டில் போட்டால் முடிவுகள் மூலைக்குள் எடுக்கப்படும் என்றார். மறுக்க முடியாத வாதம். இரவு முழுக்க அதுதான் மண்டைக்குள்.

2025 ஒக்டோபர் 17

வழி அந்தக் கோப்பிலேயே இருந்தது. புல் ரிக்வெஸ்ட் வரியை இரண்டாக உடைக்கலாம்: திறந்தது, மூடியது, இணைத்தது ஒரு வரி, கருத்துகள் இன்னொரு வரி. முதலாவது டெவ் லிஸ்டிலேயே இருக்கட்டும், கருத்து மழை மட்டும் புது லிஸ்டுக்குப் போகட்டும். என்ன பேசப்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், வேண்டியவர் உள்ளே போய்ப் படிக்கலாம். திருத்திய யோசனையை அனுப்பியதும் மூத்தவரிடமிருந்து ஒற்றை வரிப் பதில், +1, அதாவது சம்மதம். 72 மணித்தியாலத்துக்குள் எதிர்ப்பு வராவிட்டால் செய்துவிடுவேன் என்றும் எழுதி வைத்தேன்.

2025 ஒக்டோபர் 20

தீபாவளி. பொட்களுக்கு விடுமுறை இல்லை. யாரோ ஒருவரின் அலுவலகக் கணக்கிலிருந்து "நான் விடுமுறையில் இருக்கிறேன்" என்ற தானியங்கிப் பதிலும் லிஸ்டுக்கு வந்து சேர்ந்தது. இப்படிப்பட்ட பதிலில் அது தானியங்கி என்று ஒரு தலைப்பு வரி போட வேண்டும் என்று 2004இலேயே ஆர்எஃப்சி 3834 சொல்லிவிட்டது. இதில் அந்த வரி இல்லை.

2025 ஒக்டோபர் 22

எதிர்ப்பு எதுவும் வரவில்லை. முதலில் புது லிஸ்ட், அதற்கு மட்டுறுத்துநர்கள், அதற்குப் பிறகுதான் யாமல் கோப்பில் மாற்றம். கையோடு மெயில் தலைப்புகளையும் மாற்றினேன். "இன்னார் கருத்திட்டார்" என்று செயலே தலைப்பில் வந்ததால் ஒரே புல் ரிக்வெஸ்டின் மெயில்கள் ஜிமெயிலில் துண்டுதுண்டாகக் கிடந்தன. இனி எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு, ஒரே இழை.

2025 ஒக்டோபர் 27

லிஸ்ட் வெறிச்சோடிக் கிடக்கிறது. இவ்வளவு நாளும் பரபரப்பான திட்டம் என்று நினைத்திருந்தோம், பேசியது பெரும்பாலும் பொட்கள்தான். மூத்தவருக்கும் இது உறைத்திருக்க வேண்டும். அடுத்த வெளியீட்டில் என்ன சேர்க்கலாம் என்று நீண்ட மெயில் ஒன்று எழுதியிருக்கிறார். தம்பி ஆவணத்தில் ஒரு படி விடுபட்டிருப்பதைக் கேட்டு எழுத, அன்றைக்கே பதில் வந்தது.

பில்ட் மெயிலையும் அப்புறப்படுத்தலாமே என்று ஒருவர் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாருடைய மாற்றங்களும் வந்து சேரும் முதன்மைக் கிளை உடைந்தால் அது எல்லாருக்கும் தெரிய வேண்டும். ஆனால் உடைந்தே கிடக்கும்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மெயில் எதற்கு? முதல் முறை உடையும்போது ஒன்று, சரியாகும்போது ஒன்று போதும். பில்டை ஓட்டும் ஜென்கின்ஸ் மென்பொருளின் மெயில் செருகுநிரலில் இரண்டுக்கும் தெரிவு உண்டு. நாளைக்கு அதைப் பார்க்க வேண்டும்.