பெங்களூரு நாட்குறிப்பு: 'நலம்' என்றே சொல்லிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்

ஜூன் 9, 2025, திங்கள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கோவில்பட்டித் தம்பி, சர்வரின் சுமையையும் இணையதளத்தின் நிலையையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, கோளாறு தெரிந்தால் எச்சரிக்கை அனுப்பும்படி ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளைக் கோத்த சிறு நிரல்) எழுதியிருக்கிறார். "நானே ஓட்டினால் ஓடுகிறது அண்ணா, கிரானில் போட்டால் எதுவும் வருவதில்லை" என்றார். குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரான், நாம் உள்நுழையும்போது நம் அமைப்புகளை ஏற்றும் புரொஃபைல் கோப்பைப் படிப்பதில்லை; கட்டளைகளைத் தேட அதற்குத் தெரிந்த இடங்கள் மிகச் சில. எச்சரிக்கை அனுப்பும் கட்டளையோ அவருடைய ஹோம் டைரக்டரியில் இருந்தது. முழுப் பாதையைக் கொடுத்ததும் சரியாயிற்று. பிழைச் செய்தியைக் கிரான் மின்னஞ்சலில் அனுப்ப முயன்றிருக்கிறது. சர்வரில் அஞ்சல் மென்பொருள் இல்லாததால் அதைக் கைவிட்டதாக சிஸ்லாக் என்ற கணினிப் பதிவேட்டில் ஒரு வரி கிடந்தது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று கண்டதுதான் உண்மையில் கவலைக்குரியது. நான்கு கோர் (தனித்தனியே வேலை செய்யும் செயலிப் பகுதி) உள்ள சர்வர் என்பதால், சுமை 4-ஐத் தாண்டினால் எச்சரிக்கை, இல்லையென்றால் 'நலம்' என்று பதிவு. ஆனால் இயங்குதளத்தின் மையமான கர்னல் சுமையை 6.42 என்பதுபோல் தசமத்தில் தருகிறது. பாஷின் ஒப்பீட்டுக்கோ முழு எண் மட்டுமே தெரியும். தசமத்தைக் கண்டதும் அது பிழை சொல்லி 2 என்ற குறியீட்டுடன் திரும்ப, பூஜ்யம் (வெற்றி) அல்லாத எதையும் 'இல்லை' என்றே கொள்ளும் இஃப் நிபந்தனை, நேரே எல்ஸ் ('இல்லையென்றால்') கிளைக்குப் போய் 'நலம்' என்று எழுதிவிடுகிறது. சுமை எவ்வளவு ஏறினாலும் பதில் இதுவாகவே இருந்திருக்கும். ஒப்பீட்டை, தசமமும் தெரிந்த ஆக் (awk) என்ற கருவிக்கு மாற்றினோம். அத்துடன், 'அளக்க முடியவில்லை' என்ற மூன்றாவது கிளையையும் வைத்து, அதற்கும் எச்சரிக்கை போகும்படி செய்யச் சொன்னேன். என் பார்வையில், கண்காணிப்பு ஸ்கிரிப்டில் முதலில் எழுதவேண்டிய கிளையே அதுதான்.

ஜூன் 12, வியாழன்

இணையதளச் சோதனையிலும் அதே நோய். சர்வர் 500 பிழையை (சர்வரின் உள்கோளாறு) திருப்பினாலும், பதில் வந்துவிட்டது என்பதால், பக்கத்தைக் கேட்டு வாங்கும் கர்ல் கட்டளை பூஜ்யத்துடனே முடிகிறது. அத்தகைய பிழையைத் தோல்வியாகக் கொள்ளும் ஃபெயில் விருப்பத்தையும் பத்து விநாடிக் கால வரம்பையும் சேர்த்தோம்.

ஜூன் 13, வெள்ளி

சர்வரே விழுந்துவிட்டால் அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் எப்படிச் சொல்லும் என்று தம்பியே கேட்டார்; எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இனி ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் இன்னொரு சர்வருக்கு ஒரு சைகை போகும். பதினைந்து நிமிடம் அது வராவிட்டால் அந்தச் சர்வர் எச்சரிக்கும். மாலையில் கிரானை நிறுத்திப் பார்த்தோம், எச்சரிக்கை வந்தது. இரண்டு சர்வர்களும் ஒரே ரேக்கில் (சர்வர் அடுக்கில்) இருப்பதால், சைகை வாங்கும் சர்வரை வேறு டேட்டா சென்டருக்கு மாற்றக் கேட்டிருக்கிறோம்.