மூன்றாவது கூட்டத்தில்தான் வாய் திறந்தேன்

குடியை விடுவது என்று முடிவெடுத்ததும் நான் செய்த முதல் காரியமே தவறு. யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் அடியோடு நிறுத்தினேன். மறுநாள் காலை தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடப்பு. அக்காதான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு நினைவு குழம்பி இல்லாதவையெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம் என்றார் அவர். தினமும் குடிப்பவர் யாரேனும் இதைப் படித்தால், குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் குழுவைத் தேடும் முன் மருத்துவரைப் பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சிகிச்சை முடிந்து கிளம்பும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். “உடம்பை மருந்து தேற்றிவிட்டது. இனி மாலை ஏழு மணிக்கு யாரோடு இருப்பீர்கள்?”

என்னிடம் பதில் இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குடித்தவள் நான். ஒரு பெண்ணின் குடியை வீடு முழுவதும் சேர்ந்து மறைக்கும். அந்த மறைப்புக்குள் நோய் சுகமாக வளரும்.

கையில் கிடைத்த ஒரு பழைய பட்டியலில், பக்கத்திலேயே கூடும் அப்படியொரு குழுவின் முகவரி இருந்தது. இரண்டு நாள் தயங்கிவிட்டு மூன்றாம் நாள் போனேன். கதவு பூட்டியிருந்தது. கூட்டம் வேறு இடத்துக்கு மாறிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அன்று இரவு மறுபடியும் குடித்தேன். குற்றம் பட்டியலுடையது அல்ல. ஆனால் அந்தப் படியேற எனக்கு எவ்வளவு துணிவு தேவைப்பட்டது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அதற்குப் பிறகு போகும் முன் தொலைபேசியில் கேட்கக் கற்றுக்கொண்டேன். இத்தகைய குழுக்களை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் உதவி எண்ணை அழைத்தபோது எடுத்தவரும் குடியிலிருந்து மீண்டவர்தான். கூட்டம் இப்போதும் அங்கேயே நடக்கிறதா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, பெண்கள் வருவார்களா என்று கேட்டேன். குடும்பத்தாரும் மற்றவர்களும் வரக்கூடியது திறந்த கூட்டம், குடிப்பழக்கத்தை விட விரும்புகிறவர்களுக்கு மட்டுமானது மூடிய கூட்டம் என்று பொறுமையாக விளக்கினார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். “ஒன்றுமில்லை அம்மா. உறுப்பினர்கள் விரும்பிப் போடுவதில்தான் நடக்கிறது, வெளியார் பணம் வாங்குவதில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும்” என்றார்.

முதல் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். யாரும் முறைக்கவில்லை, மரியாதையாகவே நடத்தினார்கள். ஆனாலும் என் முறை வந்தபோது “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்று சொல்லி அமர்ந்துவிட்டேன். அப்படிச் சொல்லலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதோ புத்தி சொல்வதோ கிடையாது என்பதை அங்கேதான் முதலில் கண்டேன். அதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் புத்திமதிதான்.

இரண்டாவதாகப் போன குழுவில் கடவுளைப் பற்றிய பேச்சு எனக்கு ஒட்டவில்லை. குடியிலிருந்து மீள இந்த அமைப்பு சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், அவரவர் உணர்ந்தபடியான கடவுள் என்றுதான் சொல்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு, மனப்பயிற்சி முறைகளை அடிப்படையாகக் கொண்ட ஸ்மார்ட் ரிகவரி போன்ற குழுக்கள் இருக்கின்றன. நான் அங்கும் இணையவழியில் சில முறை கலந்துகொண்டேன். பயனுள்ளதாகவே இருந்தது, ஆனால் எனக்கு எதிரில் ஒரு முகம் தேவைப்பட்டது.

முதல் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர் மகளிர் கூட்டம் ஒன்றின் தொடர்பைக் கொடுத்திருந்தார். மூன்றாவதாக அங்கே போனேன். வாசலிலேயே ஓர் அக்கா காத்திருந்தார். உள்ளே ஒருவர், துணி அலமாரியில் புடவை மடிப்புக்குள் பாட்டில் ஒளித்துவைத்த நாட்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதே இடத்தில்தான் ஒளித்துவைத்தேன். என் முறை வந்ததும் பெயரைச் சொன்னேன், குடிநோயாளி என்று சொன்னேன், பிறகு அழுதேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

1935இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்ததே, குடியோடு போராடிய ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் சந்தித்துப் பேசியதில்தான். குடித்தவர் பேச, குடித்தவர் கேட்பது. அந்தப் புடவை மடிப்புக் கதையைக் கேட்ட பிறகு அதன் பலம் எனக்கு விளங்கிவிட்டது.

வாசலில் நின்ற அக்காதான் இப்போது என் வழிகாட்டி. அங்கே ஸ்பான்சர் என்பார்கள். குடிக்கத் தோன்றினால் பாட்டிலைத் தொடும் முன் அவரை அழைக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். நடுவில் ஒருமுறை சறுக்கினேன். அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னபோது, “திரும்பி வந்தாயே” என்று மட்டும் சொன்னார். நாள் கணக்கை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

என் உடன்பிறந்த அக்காவும் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறாள். இப்போதெல்லாம் அவள் என் அலமாரியைத் திறந்து பார்ப்பதில்லை.

வெளியூர் போக நேர்ந்தால் பெட்டி கட்டும் முன்பே அந்த ஊர்க் குழுவை அழைத்துவிடுகிறேன். “கூட்டம் அதே இடத்தில்தானே?” என்பதுதான் முதல் கேள்வி.