அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?

ஜூன் 3
கையில் பல் பதிந்துவிட்டது. ரத்தமில்லை, கன்றிப்போயிருக்கிறது. பேச்சு வராத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து இவ்வளவு பலம்! "கடிக்கக் கூடாது கண்ணா, அம்மாவுக்கு வலிக்குது பார், ஏன்டா இப்படிப் பண்றே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்லக் கூடியதே தவிர குறையவில்லை. இருபது நிமிடம்.

ஜூன் 4
சிறப்புப் பயிற்சி டீச்சரிடம் கையைக் காட்டினேன். "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். யோசித்தேன், தெரியவில்லை. நோட்டு போடச் சொன்னார். முன்னால் என்ன, அவன் என்ன செய்தான், பின்னால் நாங்கள் என்ன செய்தோம் என்று மூன்று கட்டம். மூன்றாவதை எழுதத்தான் கூச்சம். இரண்டு தடவை போனைக் கொடுத்து அடக்கியிருக்கிறோம்.

ஜூன் 7
இன்று அவன் அடிக்கத் தொடங்கியபோது நான் கிட்டத்தட்ட வாயே திறக்கவில்லை. அந்த நேரத்தில் என் பேச்சும் அவனுக்கு இன்னொரு இரைச்சல்தான். டிவியை நிறுத்தினேன், கத்தரிக்கோலை எடுத்து ஒளித்தேன், சின்னவளை அடுத்த அறைக்கு அனுப்பினேன். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில், அடி விழுந்தால் தடுக்கக் கையில் தலையணையோடு நின்றேன். எப்போதாவது ஒரே வார்த்தை: "இருக்கேன்." பதினோரு நிமிடம்.

குப்புறப் போட்டு அமுக்கினால் அடங்குவான் என்று உறவில் ஒருவர் யோசனை சொன்னார். அப்படி அமுக்கி மூச்சு நின்று செத்த பிள்ளைகள் உண்டு. சொன்னேன். அவருக்குக் கோபம். இருக்கட்டும்.

ஜூன் 12
நோட்டில் ஒன்பது வரி. ஆறு சாப்பாட்டு நேரத்தில். அதில் நான்கில் "இடது கன்னத்தில் தானே குத்திக்கொண்டான்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எழுதும்போது உறைக்கவில்லை.

ஜூன் 14
கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. பேச்சு வராத பிள்ளை திடீரென்று அடிக்க ஆரம்பித்தால் பல், காது, மலச்சிக்கல் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்றார் டாக்டர். ஆவேசத்தைக் குறைக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் மருந்து பற்றிக் கேட்டேன். பசியையும் எடையையும் கூட்டும், முதலில் பல் ஆறட்டும் என்றார்.

3ஆம் தேதி எழுதியதைப் புரட்டினேன். "அம்மாவுக்கு வலிக்குது பார்." அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 23
பல் சரியாகிவிட்டது. அடி நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. மிச்சமெல்லாம் ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றுக்குக் கூப்பிடும்போது. "போதும்" என்று ஒரு பட அட்டை செய்து பழக்குகிறோம். அட்டையை நீட்டிய நொடியே வேலையை நிறுத்திவிட வேண்டுமாம். அடித்து வாங்குவதைவிட நீட்டி வாங்குவது சுலபம் என்று அவனுக்குப் படும்வரை பேரமே கூடாது என்கிறார் டீச்சர். பல் தேய்ப்பது பாதியில் நிற்கிறது. இந்தப் பல்லை வைத்துக்கொண்டு!

ஜூன் 29
இன்று அட்டை பதினான்கு முறை வந்தது. கடைசி முறை, தூங்கவைக்கப் பாடிக்கொண்டிருந்தபோது. பாட்டை நிறுத்தினேன்.