அறுபதில் ஆடும் படம்

2024 ஜூன் 2, ஞாயிறு

பைக்கின் ஹேண்டில்பாரில் கேமராவை மாட்டி, ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் படமெடுத்து வந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் மலையே கொதிக்கிற ரசம் மாதிரி அலைகிறது. "அண்ணா, தண்ணிக்குள்ள எடுத்தியா?" என்றாள் தங்கச்சி.

ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் ஆன் செய்துதான் இருந்தது. ஆனால் கேமரா ஒரு ஃப்ரேமை, அதாவது வீடியோவின் ஒரு தனிப்படத்தை, ஒரே மூச்சில் எடுப்பதில்லை. சென்சாரை மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கிறது. என்னுடையது ஒற்றை சிலிண்டர் வண்டி. இன்ஜின் நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும்போது நொடிக்கு 60 முறை உதறும். முதல் வரியைப் படித்தபோது இருந்த இடத்தில் கடைசி வரியின்போது கேமரா இல்லை. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வரும் ஆட்டத்தைச் சரிசெய்யலாம்; ஒரே ஃப்ரேமுக்குள் விழுந்த நெளிவை நிமிர்த்துவது கஷ்டம்.

ஜூன் 4, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை நாள். ஊரே டிவி முன்னால், ரோடு காலி. சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல நாள் வராது.

மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போகும்போது இரண்டு நொடி கிளட்ச்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை விட்டேன். அந்த இரண்டு நொடியும் படம் பளிச். ஆக, குற்றவாளி ரோடு இல்லை, இன்ஜின். இன்னொன்றும் தெரிந்தது: அதே கியரில் 45-இல் பரவாயில்லை, 60-இல் மோசம், 75-இல் மறுபடி அடங்குகிறது. அந்த ஒரு வேகத்தில் மட்டும் ஏதோ ஒன்று இன்ஜினோடு சேர்ந்து தாளம் போடுகிறது.

ஜூன் 6, வியாழன்

அதிர்வுக்கு மெத்தையாக ஹேண்டில்பாரில் சைக்கிள் ட்யூபை நாலு மடிப்பாகச் சுற்றி, அதன்மேல் கேமராவின் கிளாம்பை மாட்டினேன். முன்பைவிட மோசம்.

மெக்கானிக் அண்ணன் கேமராவை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது தூண்டில் கம்பு மாதிரி ஆடி நின்றது. "தம்பி, மெத்தை அப்புறம். முதல்ல இந்தக் கையை வெட்டு" என்றார். கை என்று அவர் சொன்னது, கிளாம்புக்கும் கேமராவுக்கும் நடுவில் மூன்று மூட்டு வைத்து ஒரு சாண் நீளத்துக்கு நான் நீட்டியிருந்த ஆர்மை.

ஜூன் 8, சனி

அவர் சொன்னது சரி. ஒரே தடிமன் உள்ள கம்பியைப் பாதியாகக் குறைத்தால் எட்டு மடங்கு விறைப்பாகும். அந்தக் கைக்குப் பதிலாக லேத் பட்டறையில் இரண்டு விரல் உயரத்துக்கு ஓர் அலுமினியத் துண்டு கடைந்து வாங்கினேன். ட்யூப் ஒரே சுற்று, கிளாம்ப் வழுக்காமல் இருக்க மட்டும். இப்போது ஆட்டம் 85-க்குமேல் போய்விட்டது. நான் அந்தப் பக்கம் போவதே இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

உச்சி வெயிலில் கேமரா தானாகவே ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்கு ஏற்றிவிடுகிறது. மிச்சமிருக்கும் சின்ன நெளிவும் கூர்மையாகப் பதிகிறது. லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு 1/240-க்கு இறக்கியதில் அது மங்கி மறைந்தது. ஆனால் புளியமர நிழலில் படம் இழுபட்டு மங்குகிறது. சாயங்காலம் ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும்.

(போனை ஹேண்டில்பாரில் மாட்டலாமா என்று கேட்ட நண்பனுக்கு: வேண்டாம். பைக் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது.)

ஜூன் 16, ஞாயிறு

ராசிபுரம், பேளுக்குறிச்சி, காரவள்ளி. கொல்லிமலையின் எழுபது வளைவுகள். இன்று கேமராவை ஹெல்மெட்டின் தாடையில் ஒட்டிவிட்டேன், கழன்றால் விழாமலிருக்க ஒரு நைலான் கயிறும் கட்டி. இடுப்பும் முதுகும் கழுத்தும் சேர்ந்து அதிர்வைக் குடித்துவிடுகின்றன. எந்த ரப்பரும் கிட்டே வர முடியாது.

ஒரு நெளிவு இல்லை. தங்கச்சி முழுசாகப் பார்த்தாள்.

"படம் நல்லா இருக்குண்ணா. ஆனா ஒவ்வொரு பலாப்பழக் கடைக்கும் ஏன் தலையைத் திருப்புற?"