கோடு போட்டுப் பிரிக்கும் ஆங்கிலம்: இதுவரை

குறுக்கெழுத்தை விட்டுவிட்டு இப்போது ஆங்கில வாக்கியங்களைப் படமாக வரைந்துகொண்டிருக்கிறேன். அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் 1877-இல் கொண்டுவந்த முறை. படுக்கையாக ஒரு கோடு. அதன்மேல் எழுவாய், வினை, செயப்படுபொருள். மீதியெல்லாம் கீழே தொங்கும்.

பிரிப்பொசிஷனோடு (‘ஆன்’, ‘வித்’, ‘ஆஃப்’ போன்ற சொற்கள்) வரும் தொடரை எந்தச் சொல்லின் கீழ் தொங்கவிடுவது என்பதில்தான் சுவாரசியமே. பிரிப்பொசிஷன் சாய்கோட்டில் ஏறும். அதன் பெயர்ச்சொல், அடியில் ஒரு சின்னப் படுக்கைக் கோட்டில்.

‘ஐ பாட் (வாங்கினேன்) த புக் ஆன் த டேபிள்’, ‘ஐ புட் (வைத்தேன்) த புக் ஆன் த டேபிள்’. வினை மட்டும்தான் வேறு. நான் ‘இட்’ வைத்துச் சோதிக்கிறேன். ‘ஐ பாட் இட்’ என்றதும் மேசைமேல் இருந்த புத்தகம் மொத்தமும் ‘இட்’டுக்குள் போய்விடுகிறது, அப்படியானால் தொடர் ‘புக்’கின் கீழ். ‘ஐ புட் இட்’ அந்தரத்தில் நிற்கிறது, எங்கே என்று வினையே கேட்கிறது. தொடர் ‘புட்’டின் கீழ். தமிழில் ‘மேசைமேல் இருந்த’, ‘மேசைமேல்’ என்று வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை.

‘த பாய் சேஸ்ட் த டாக் வித் எ ஸ்டிக்’ இரண்டு பக்கமும் சாயும். குச்சி பையன் கையிலா, நாயின் வாயிலா? இரண்டு படம் வரைந்தேன், இரண்டுமே சரி. இந்த மாதிரி வாக்கியம் கிடைத்தால் அன்றைக்குக் கொண்டாட்டம்தான்.

‘த கீ டு த டோர் ஆஃப் த ஹவுஸ்’ படிப்படியாக இறங்கும்: ‘கீ’யின் கீழ் ‘டோர்’, அதன் கீழ் ‘ஹவுஸ்’. ‘அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்’ என்பதில் தொடர் பெயரடையின் கீழ் போகிறது. ‘லுக் அப் த வேர்ட்’ இந்தக் கணக்கிலேயே வராது. ‘லுக் இட் அப்’ என்று சொல்ல முடிவதால் ‘அப்’ வினையோடு ஒட்டிய துணுக்கு.

இந்த முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘புட்’டுக்குக் கட்டாயம் வேண்டிய ‘ஆன் த டேபிள்’, ‘ஸ்லெப்ட்’டுக்கு வந்தாலும் வராவிட்டாலும் சரி என்கிற ‘ஆன் த ஃப்ளோர்’ இரண்டுக்கும் ஒரே சாய்கோடுதான். கட்டாயமானதை நான் சிவப்புப் பேனாவில் போடுகிறேன்.

அடுத்து ‘ஹூ’, ‘விச்’ வரும் கிளைவாக்கியங்கள். அதற்குப் புள்ளிக்கோடு, கீழே தனியாக இன்னொரு படுக்கைக் கோடு. இந்தச் சின்ன நோட்டில் இடம் பத்தாது, பெரிய வரைதாள் வாங்க வேண்டும்.