அப்பாவின் மறதியும் அப்பாவின் துக்கமும்

சென்னையில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதத்துக்கு 10 இலவசப் பயண டோக்கன்களை, ஆறு மாதத்துக்கு உரியவற்றை ஒரே தடவையில் தருகிறது. சென்ற ஆண்டு ஒருநாள் ரேஷன் கார்டைத் தேடி அப்பாவின் அலமாரியைத் திறந்தபோது, அந்த டோக்கன்கள் ஒன்றுகூடக் கிழிக்கப்படாமல் பாலிதீன் உறைக்குள் அப்படியே இருந்தன. செவ்வாய்க்கிழமை தவறாமல் அயனாவரத்திலிருந்து பஸ் ஏறிக் கந்தகோட்டம் முருகன் கோயிலுக்குப் போய்வந்த மனிதர் அவர். அம்மா இறந்து அப்போது பதினொரு மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன்பே எங்களுக்கு அறிகுறிகள் தெரிந்துதான் இருந்தன. செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடக்கும். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார். முதுகு வலி, மலச்சிக்கல் என்று ஓயாமல் சொல்வார். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால், யோசித்துக்கூடப் பார்க்காமல் "தெரியலம்மா, ஞாபகம் இல்ல" என்பார். நானும் தம்பியும் அதை மறதி நோய் என்றே முடிவு கட்டினோம். பக்கத்துத் தெரு மருத்துவரோ "எழுபத்தாறு வயசுக்கு இதெல்லாம் சகஜம்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தச் சொல்லைக் கேட்டு எங்களுக்கு ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால்தான் இன்றும் மனம் வலிக்கிறது.

ஏனெனில் அது சகஜம் அல்ல. வயது ஏற ஏற மூளையின் வேகம் குறைவது உண்மை. ஓடிபி வந்து மறைவதற்குள் அதைப் படித்து அழுத்த அப்பாவால் முடியாது. ஆனால் சொல்வளமும் அனுபவத்தில் விளைந்த அறிவும் வெகுகாலம் நிலைத்து நிற்கும் என்பதால்தான், ரேமண்ட் கேட்டெல் என்ற உளவியலாளர் அறிவுத்திறனையே இருவகையாகப் பிரித்தார். உணர்ச்சிகளின் விஷயத்தில் முதுமை இன்னும் கருணை உடையது. எஞ்சிய காலம் குறைவு என்று உணர்பவர்கள் நெருங்கிய உறவுகளையும் மனத்துக்கு இதமானவற்றையும் தேர்ந்து பற்றிக்கொள்கிறார்கள் என்பது லாரா கார்ஸ்டென்சனின் கோட்பாடு. ஆகவே ஒரு முதியவர் மாதக்கணக்கில் எதிலும் நாட்டமின்றி இருந்தால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அவர்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. வலியாக, தூக்கமின்மையாக, மறதியாக வருகிறது.

மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றதும் அப்பா கேட்ட கேள்வி, "என்னைக் கீழ்ப்பாக்கத்துல சேக்கப் போறியா?" என்பதுதான். இந்த ஊரில் அந்தப் பெயரை வசையாகச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை தலைமையேற்று நடத்திய அரசு மனநல மருத்துவமனை அது என்பதும், பின்னர் 1984-இல் அவரே மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைச் சென்னையில் நிறுவினார் என்பதும் எத்தனை வீடுகளில் பேசப்படுகின்றன? "சேர்க்கல அப்பா, பேசிட்டு வந்துடலாம்" என்று சொல்லிச் சொல்லி அவரைச் சம்மதிக்கவைக்க மூன்று வாரம் ஆயிற்று.

முதியோர் மனநல மருத்துவர் முதலில் பி12, தைராய்டு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். அவை குறைந்தாலும் மறதியும் சோர்வும் வருமாம். பி12 மிகவும் குறைவாகத்தான் இருந்தது. செவித்திறனும் குறைந்திருந்தது, நாங்கள் பேசியதில் பாதி காதில் விழாமலேயே அவர் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு முதியோருக்கென்றே உருவாக்கப்பட்ட 15 கேள்விகளை, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொன்னால் போதுமென்று, ஒவ்வொன்றாகக் கேட்டார். தூக்கத்தைப் பற்றியும் பசியைப் பற்றியும் அதில் கேள்வியே இல்லை, அவை வயதாலும் மாறக்கூடும் என்பதால். வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கப் பிடிக்கிறதா என்ற கேள்விக்கு அப்பா வெகுநேரம் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "வெளிய போய்ட்டு வந்து யார்கிட்ட சொல்றது?" என்றார். நாற்பத்தெட்டு வருடம் அவர் பிரசாதப் பொட்டலத்தோடு வீடு திரும்பியதும், கூட்டம் எப்படி, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று அம்மா கேட்பாள். அதை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதை முன்பே சொல்லியிருந்தார்கள். ஏழாவது வாரம் செய்தித்தாளின் மடிப்பு கலைந்தது. காதுக் கருவியைத் தினமும் திட்டிக்கொண்டேதான் மாட்டுகிறார். போன செவ்வாய்க்கிழமை தம்பி மகனோடு கந்தகோட்டம் போய்வந்தார். நான் தொலைபேசியில் கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன், பத்து நிமிடம் பேசினார்.

சில நேரம் மனச்சோர்வே டிமென்ஷியா என்னும் மறதி நோயின் முன்னறிகுறியாக இருப்பதும் உண்டு என்பதால், ஞாபகப் பரிசோதனையை அடுத்த மாதம் மீண்டும் செய்ய வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோ வேண்டாம், டோக்கன் இருக்கிறது என்கிறார் அப்பா.